கொண்டியில் கட்டிய துண்டு

அத்தியாயம் 14

எட்வர்ட் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு லீவில் இருந்த அவன் மனைவி மெர்சி எதிரில் உட்கார்ந்து, ரப்பரால் கோடு அழித்துக்கொண்டிருந்தாள்.

லைப்ரரி புத்தகம். எங்கே பிரித்தாலும் பென்சில் கோடு. கையால் போட்டதுகூட இல்லை. அவன் வேலை செய்கிற இரும்பு மில்லில் கம்பி அளக்கிற ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நேராக, அழுத்தமாகப் போட்டது.

“கவர்மெண்ட் புக்குல யாராவது கோடு போடுவாங்களாப்பா? போன மாசம் எவனோ பக்கத்த மடிச்சிக் குடுத்ததுக்கே அந்த மேடம் இன்னா கேள்வி கேட்டாங்க தெரியுமா?”

“நீ படிப்பன்னு போட்டேன்.”

“நானா? இதையா?” அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ‘பகல் தூக்கம்’ என்று இருந்தது. “இன்னா, நைட் ஷிப்ட் கதையா?”

“நானும் அப்படி நெனச்சிதான் எடுத்தேன்.” அவன் லேசாகச் சிரித்தான். “அது வேற. ஒரு பத்து பக்கம் படி. கோடு போட்டத மட்டுமாவது படி.”

“எட்டு மணி நேரம் நின்னுக்கினு ஒயரு கட்டிட்டு வரேன். எனக்கு அழுவுற கதை வேணாம்பா. கோட்டை, குதிரை, பறக்கற கப்பல், அது போதும். நீயும் அதையே படி. இந்த மாதிரி படிச்சிதான் எந்நேரமும் செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு கீற.”

அவன் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான்.

“கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து. நல்லா கீது.”

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மெர்சி ரப்பரை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையில் ஒட்டிய துகளைக் கழுவினாள். குழம்பை ஊற்றிவிட்டு வந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மிச்சத்தை அழித்தாள். அவன் இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டான். மத்தியான பி ஷிப்ட் பஸ் முக்கு ரோட்டில் ஹார்ன் அடித்தது.

“ராத்திரிக்கு டார்ச் எடுத்துக்கினியா?”

“எடுத்துக்கினேன்.”

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

மறுநாள் காலை எட்வர்ட் இல்லை. முப்பத்தோரு வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் காலனிக்குச் சொன்னது நெஞ்சுவலி என்று. சொன்னவள் அவனுடைய அம்மா ரோசம்மாள். காலனி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் நாலு பேருக்கும் தெரியும். அங்கேயும் யாரும் வாய் திறக்கவில்லை.

பதினோரு மாதம் ஓடிவிட்டது.

மெர்சி தாய் வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. மாமனார் ஜோசப் பகல் நேர வாட்ச்மேன் வேலைக்குப் போய்வந்தார். அவரும் மாமியாரும், பொன்னேரியில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற நாத்தனார் பிரின்சியும் அவளுமாக வீடு ஓடியது. அவள் முன்போலவே சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற அதே கம்பெனிக்கு, விடிவதற்கு முன்னால் வருகிற அதே பஸ்ஸில் போனாள்.

அவளைப் பிழைக்க வைத்தது கோட்டையும் குதிரையும்தான் என்றால் நம்புகிறவர்கள் நம்பலாம். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் பார்க்க ஒன்றும் இருக்காது. மெர்சி வாய்விட்டுப் படிப்பாள். மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். ‘நீலப்பாறைக் கோட்டை’ முதல் பாகமும் இரண்டாம் பாகமும் இப்படித்தான் முடிந்தன. அதில் மதில் மேல் நின்று எல்லோரையும் கல்லாக்குகிற சூனியக்காரிக்கு அவர்கள் லைன் சூப்பர்வைசரின் பெயரை வைத்திருந்தார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் மெர்சி யாருடைய பெண்டாட்டியும் இல்லை. யாரையும் பறிகொடுத்தவளும் இல்லை.

இந்த வாரம் புதன்கிழமை அவளுக்கு லீவு. காலை ஒன்பதரைக்கு ரேஷன் கடையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கதவுக் கொண்டியில் துண்டு கட்டியிருந்தது.

அது அந்தக் காலனியின் வழக்கம். ஆண்களில் பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை. இரவெல்லாம் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன் வீட்டுக் கொண்டியில் ஒரு துண்டு தொங்கும். துண்டைப் பார்த்தால் கருவாட்டுக்காரி கூவ மாட்டாள். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடும். சர்ச் சந்தாவுக்கு வருகிறவர்கூடத் தட்டாமல் திரும்பிவிடுவார்.

ஆனால் இந்த வீட்டில் நைட் ஷிப்ட் போகிறவர் இப்போது யாரும் இல்லை. கட்டியிருந்தது எட்வர்டின் துண்டு. ஓரத்தில் அழியாத மையால் எழுதிய அவனுடைய டோக்கன் நம்பர் தெரிந்தது.

“இன்னா அத்த, துண்டு கட்டி கீது?”

ரோசம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“கதவு அடிச்சிக்குது. காத்து.”

கொடியில் போட்ட துணிகூட அசையவில்லை.

“பிரின்சி காலேஜுக்குப் போய்ட்டாளா?”

“ஒடம்பு சரியில்ல, படுத்துக்கினு கீறா. நீ மொதல்ல நாஷ்டா துன்னு.”

மெர்சி அரிசிப் பையை வைத்துவிட்டு உள் அறைக்குப் போனாள். பிரின்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் நீலப்பாறைக் கோட்டையின் இரண்டு பாகங்களும் கிடந்தன. பக்கத்தில் ரயில் பாஸ். எடுத்துப் பார்த்தாள். தேதி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“எத்தினி நாளா காலேஜ் போவல?”

“இன்னிக்கு இன்னா கெழம?”

“புதன்.”

“அப்ப ஒம்போது நாளு.”

ஒன்பது நாளாக மெர்சி இருட்டோடு கிளம்பிப் போய் நாலு மணிக்குத் திரும்பியிருக்கிறாள். அந்த நேரத்துக்குப் பிரின்சி எழுந்து, முகம் கழுவி, சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலேஜ் விட்டு வந்த பெண் மாதிரி.

“காய்ச்சலா?”

“இல்ல.”

“வயித்து வலியா?”

“இல்ல அண்ணி. லவ் மேட்டரும் இல்ல. அதையும் கேட்டுடாதீங்க, அம்மா கேட்டு முடிச்சிட்டாங்க.”

“பின்ன இன்னாதான்?”

“தெர்ல.” பிரின்சி இன்னும் திரும்பவில்லை. சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். “எந்திரிக்கணும்னு நெனச்சா அதுக்குள்ள சாயந்திரம் ஆயிடுது. மூணாவது பாகம் வந்துச்சா?”

“எதோட மூணாவது பாகம்?”

“கோட்டை. லைப்ரரில போய் கேளுங்க அண்ணி. அது மட்டும் எடுத்துக்கினு வந்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

எட்வர்டும் இப்படித்தான் இதே பாயில், இதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்போது மெர்சி அசதி என்று நினைத்தாள். ஷிப்ட் மாறி மாறி வருகிறது, உடம்பு தாங்கவில்லை என்று நினைத்தாள். இந்த முறை அப்படி நினைத்துக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை.

வெளியே வந்தபோது ரோசம்மாள் கீரைத் தண்டுகளை முறத்தின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“லைப்ரரிக்கா போற? ராஜா ராணி கதையா பாத்து எடுத்துக்கினு வா. கொழந்த படிச்சி சிரிக்கட்டும். மூஞ்ச சுண்ட வைக்கிற கதைலாம் வேணாம். இந்த ஊட்ல அழுதது போதும்.”

“ஒம்போது நாளு அத்த. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க.”

“சொன்னா நீ இன்னா பண்ணுவ?”

மெர்சி பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பொன்னேரி அடுத்த ஸ்டேஷன். லைப்ரரியில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் மூன்று பேரும், பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையனும் இருந்தார்கள். நூலகர் ஜானகியம்மாள் மேஜை டிராயரிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார்.

“நேத்துதான் வந்துது. நீ வருவன்னு எடுத்து வச்சேன். இதுக்கு மூணு பேரு வரிசையில நிக்கிறாங்க.”

மூன்றாம் பாகம். அட்டையில் கோட்டையின் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம்.

மெர்சியிடம் மூன்று லைப்ரரி டிக்கெட், டிக்கெட்டுக்கு ஒரு புத்தகம். இரண்டு டிக்கெட்டுக்கு எடுத்த புத்தகங்கள் பிரின்சியின் தலைமாட்டில் கிடக்கின்றன. மிச்சம் ஒன்று.

அவள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஏனோ அலமாரிப் பக்கம் போனாள். ‘ப’ வரிசையில், கீழ்த்தட்டில், இரண்டு குண்டுப் புத்தகங்களுக்கு நடுவில் ‘பகல் தூக்கம்’ இருந்தது. மெலிந்த புத்தகம். பழுப்பு அட்டை.

பதினோரு மாதமாக அவள் அதைத் தொடவில்லை. அவன் போன பிறகு நாற்பது நாள் அது வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. மெர்சி அந்தப் பக்கமே திரும்பவில்லை. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் பிரின்சிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பின்னட்டையில் தேதி முத்திரை குத்துகிற தாளைப் பார்த்தாள். கடைசி முத்திரை எட்வர்ட் எடுத்தபோது குத்தியது. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாருமே எடுக்கவில்லை.

ஜன்னலோரம் நின்று பிரித்தாள். ரப்பர் தேய்த்த இடங்களில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. ஆனால் அவன் அழுத்திப் போடுகிறவன். புத்தகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டின் பள்ளம் தெரிந்தது. எழுத்துக்கு அடியில் நிறமில்லாத ஒரு வரி.

முதல் தடவையாகப் படித்தாள்.

‘எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதை விளக்கிச் சொல்வதற்குப் பயந்தே எழுந்துவிடுவேன்.’

பக்கங்களைப் புரட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தில் கோடு இரட்டையாக இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்று.

‘நானாக டாக்டரிடம் போக மாட்டேன். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் போய்விடுவேன்.’

இந்த இடத்தை அழித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரட்டைக் கோடு சீக்கிரம் போகாமல், எச்சில் தொட்டுத் தேய்த்தாள். “ரெண்டு தடவ வேற போட்டு வச்சிக்கிற” என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

பேப்பர் படித்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்க்கும் வரை மெர்சி அங்கேயே நின்றாள்.

பிறகு நேராக மேஜைக்கு வந்து பழுப்புப் புத்தகத்தை நீட்டினாள்.

“இதையா? கோட்டை வேணாமா?”

“ஒரு டிக்கெட்டுதான் மேடம் கீது.”

ஜானகியம்மாள் புத்தகத்தைப் பிரித்தார். “எவனோ கோடு போட்டு, அதை அழிக்கிறேன்னு தாளையே கிழிக்கப் பாத்திருக்கான். பேப்பர் எப்படி ஆயிடுச்சு பாரு.”

“அழிச்சது நான்தான் மேடம்.”

முத்திரைக் கட்டை பாதியில் நின்றது.

“போட்டது?”

“எங்க ஊட்டுக்காரு.”

ஜானகியம்மாளுக்கு எட்வர்டைத் தெரியும். முகம் தெரிகிற அளவுக்குத் தெரியும். முத்திரையை மெல்லக் குத்தினார். பாழான தாளுக்கு வழக்கமாகக் கேட்கிற கேள்வி எதையும் கேட்கவில்லை.

“அழிக்காமலே குடுத்திருக்கலாமேம்மா. நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?”

திரும்பி வரும் ரயிலில் மெர்சி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் படிக்கவில்லை. இன்றைக்குப் பிரின்சி படிக்கட்டும். அவளுக்கு வந்திருப்பது என்ன என்று இதில் எழுதியிருக்கிறது. கோட்டைக்குள் போய் எத்தனை நாள் ஒளிந்துகொள்ள முடியும்? மருந்து கசக்கும். குடித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது கொண்டியில் துண்டு அப்படியே இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரின்சி சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒன்பது நாளில் ஏதோ ஒன்றின் மேல் ஆசைப்பட்டு அவள் எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கையை நீட்டினாள். மெர்சி புத்தகத்தை வைத்தாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

“இது இன்னா?”

“ஒரு பத்து பக்கம் படி பிரின்சி. கோடு தெரியற எடத்த மட்டுமாவது படி.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று மெர்சிக்கு உறைத்தது.

“நான் படிச்சிட்டேன்.”

“எப்ப?”

“நாப்பது நாளு ஊட்லதான கெடந்துச்சு? அழிச்ச எடத்தயும் படிச்சேன். வெளிச்சத்துல சாச்சிப் புடிச்சா தெரியும்.”

மெர்சி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த புக்குக்குள்ளதான் அண்ணி நான் கீறேன்.” பிரின்சியின் குரல் உயரவில்லை. “அதுல இன்னா கீதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வரலாம்னுதான் கோட்டைய கேட்டேன். அது கூட ஒங்களால எடுத்துக்கினு வர முடியல.”

மறுபடி படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மெர்சி புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். எட்வர்ட் இதைத் தனக்காகப் படித்திருக்கலாம். ஆனால் கோடு தனக்காகப் போடவில்லை. படுத்திருப்பவனுக்கு எதற்குக் கோடு? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் படிக்கட்டும் என்று போட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கோட்டைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு, கோட்டைக்குப் போக வேண்டியவளிடம் இதைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

“பிரின்சி. நான் தப்பு பண்ணிட்டேன். இது ஒனக்கு இல்ல. எனக்கு எடுத்தது. ஒங்க அண்ணன் எனக்குன்னுதான் குடுத்தாரு, நான்தான் வாங்கல.”

அவள் முதுகைப் பார்த்தே மெர்சி தொடர்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அண்ணன் பண்ண மாதிரி பண்ணிக்கலாம்னு ஒனக்கும் தோணுதா?”

இந்த வீட்டில் பதினோரு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அதைச் சொல்லிவிட்ட பிறகும் கூரை விழவில்லை.

சுவரைக் கீறிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“சில நேரம்.”

“இன்னிக்கா?”

“இன்னிக்கு இல்ல. நேத்து.”

மெர்சி கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் பிரின்சி தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று தோன்றியதால் அழவில்லை.

“நாளைக்கு வியாழக்கெழம. பெரிய ஆஸ்பத்திரில அதுக்குன்னு டாக்டர் வராங்களாம், கம்பெனி நர்ஸ் சொல்லி கீது. நான் லீவு போடறேன். ரெண்டு பேரும் போறோம். அது முடிச்சிட்டு நேரா லைப்ரரி. ரெண்டு புக்க திருப்பிக் குடுத்துட்டு மூணாவது பாகத்த எடுத்துக்கினு வரோம்.”

“லஞ்சமா?”

“லஞ்சம்தான்.”

“வரிசைல வேற யாராவது இருந்தா?”

“மூணு பேரு கீறாங்க. ஜானகியம்மா மேடம்கிட்ட நான் பேசிக்கறேன்.”

பிரின்சி சொன்னாள்: “நான் வரேன்னு சொல்லல.”

“சொல்ல வேணாம். காலைல எட்டு மணிக்கு நான் கையப் புடிப்பேன். இன்னிக்கு ஒம்பக்கத்துலதான் படுக்கப் போறேன். நீ ஒண்ணுக்குப் போனாக்கூட நானும் வருவேன்.”

“நீங்க கொறட்ட வுடுவீங்க.”

“வுடுவேன். தாங்கிக்கோ.”

அறை வாசலில் நிழல் தட்டியது. ரோசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி இருந்தது. அதிலிருந்து கீரைத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“துண்ட நான்தான் கட்டனேன்” என்றாள்.

“தெரியும் அத்த. காத்து இல்ல.”

“இன்னிக்கு மட்டும் இல்லடி. அன்னிக்கும் நான்தான்.”

மெர்சிக்குப் புரியவில்லை.

“அவனுக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரத்துலயும் துண்டு தொங்குச்சே. அவனா கட்டனான்னு நெனச்சிக்கினு கீறியா? நீ வேலைக்குப் போன பொறவு நான்தான் கட்டுவேன். நீ வர்றதுக்கு முன்ன அவுத்துடுவேன். சில நாளு மறந்துடுவேன். நீ பாத்து, ஷிப்ட் மாத்திட்டாங்களான்னு கேப்ப. ஆமான்னுவேன்.” ரோசம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “வயசுப் புள்ள பகல்ல படுத்துக்கினு கீறான்னா ஊரு இன்னான்னு கேக்கும். துண்டு இருந்தா கேக்காது. யாரும் வந்து கதவத் தட்டக் கூடாதுன்னு கட்டனேன். யாரும் தட்டல. பாஸ்டர் ரெண்டு தடவ வந்துட்டு, துண்டப் பாத்துட்டுத் திரும்பிப் போனாராம். அவன் செத்த பொறவு என்கிட்ட சொன்னாரு.”

மெர்சியால் எழுந்திருக்க முடியவில்லை. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மடியில் இருந்த புத்தகத்தில் தாள் பஞ்சாகிப் போன இடத்தை அவள் விரல் தடவிக்கொண்டிருந்தது.

“நான் ரப்பர் போட்டு அழிச்சேன் அத்த” என்றாள். “நீங்க துண்டு கட்டனீங்க.”

“நெஞ்சுவலின்னு சொன்னது தப்பாடி?”

பதில் பிரின்சியிடமிருந்து வந்தது. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “தப்பு இல்லம்மா. ஆனா எனக்கு வந்தா இன்னான்னு சொல்லுவ?”

ரோசம்மாள் கரண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.

முடிச்சு சுலபமாக அவிழவில்லை. ஒன்பது நாளாகக் கட்டிக் கட்டி அவிழ்த்ததில் துண்டு கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தது. நகத்தால் பார்த்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். மெர்சி உதவிக்கு எழுந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது ரோசம்மாள் அவிழ்க்க வேண்டிய முடிச்சு. கடைசியில் அது கையோடு வந்தது. ரோசம்மாள் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவை முழுக்கத் திறந்து கல்லை அண்டைக் கொடுத்தாள்.

வெயில் அறை வரைக்கும் வந்தது. பிரின்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சந்தில் வந்த கருவாட்டுக்காரி அவர்கள் வீட்டுக்கு நேராக நின்று குரல் கொடுத்தாள். ஒன்பது நாளுக்கான சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தது போல இருந்தது.

“இன்னா ரோசம்மா, ஊட்ல யாருக்கு நைட் ஷிப்ட்டு? ஒரு வாரமா துண்டு தொங்கிக்கினே கீதே?”

ரோசம்மாள் வாசலில் நின்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று உள்ளே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்கும் ஷிப்ட்டு இல்ல” என்றாள் ரோசம்மாள். “பொண்ணுக்கு மனசு சரியில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க.”

கருவாட்டுக்காரி கூடையை இறக்கி வைத்தாள். அடுத்த கேள்வி வரும் என்று மெர்சி நினைத்தாள்.

“என் ஓர்ப்படி பொண்ணுக்கும் அப்படிதான் இருந்துச்சு. மாத்திர குடுத்தாங்க. இப்ப பரவால்ல” என்றாள் கருவாட்டுக்காரி. “நெத்திலி கீது. போடட்டா?”

“போடு.”

பிரின்சி போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். நாளை எட்டு மணிக்குக் கையைப் பிடித்தால் அவள் எழுந்து வருவாளா என்று மெர்சிக்குத் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. மெர்சி அதை விடவில்லை.

இன்னொரு கையால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். இடையிடையே நிறமில்லாத கோடுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நின்றாள். வெயில் அறையை விட்டு வாசலுக்கு நகர்ந்தபோது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

அங்கே ஒரு கோடு அழியாமல் இருந்தது. குழம்பு ஊற்ற எழுந்துபோனவள் திரும்பி வந்து தேடியபோது தவறவிட்ட பக்கம். ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. அதற்கு மேல் அச்சில் இரண்டே வரி.

‘இன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.’

பென்சில் கோடு கொஞ்சமும் மங்காமல் இருந்தது.